பேட் பிரெயின்ஸ் கேசட்: கோபத்தைவிட குஷிதான் அதிகம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் மேற்கத்திய பங்க் இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஹார்ட்கோர் பங்க் என்கிற, ராக் இசையை அசுர வேகத்தில் வாசிக்கிற சமாச்சாரத்துக்கு ஒரு தமிழ்ப் பத்திரிகை அரைப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் பேட் பிரெயின்ஸ் குழுவைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதுவும் ஒடுக்கப்பட்ட கறுப்பினப் பையன்களின் கோபக் கூச்சல் என்கிற மாதிரி. அந்தக் குழு 1982இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தை முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறவன் நான். அதில் கோபம் இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது, ஆனால் அந்த ஆல்பத்தைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவது கோபம் இல்லை சார், குஷி. அதைக் கேட்காமல் எழுதிவிட்டார்களோ என்ற சந்தேகத்தில்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் பாட்டுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிற பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

இவர்கள் யார் என்று அந்தக் கட்டுரையில் இல்லாததால் நானே சொல்லிவிடுகிறேன். வாஷிங்டன் டி.சி. பக்கத்துப் பையன்கள் நாலு பேர். பாடுகிறவர் எச்.ஆர்., சொந்தப் பெயர் பால் ஹட்சன். டிரம்ஸ் அவர் தம்பி ஏர்ல் ஹட்சன். கிட்டார் கேரி மில்லர், அவரை எல்லோரும் டாக்டர் நோ என்றுதான் கூப்பிடுவார்கள். பேஸ் கிட்டார் டேரில் ஜெனிஃபர். 70களின் நடுவில் இவர்கள் வாசித்தது பங்க் கிடையாது, ஜாஸையும் ராக்கையும் கலந்த ஜாஸ் ஃப்யூஷன். குழுவின் அப்போதைய பெயர் மைண்ட் பவர். இவர்களுக்கு முன்மாதிரியாக இருந்த குழுக்களில் ஒன்று மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா. அதாவது, நம்ம ஊர் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமோடு சக்தி குழுவில் வாசித்தாரே ஜான் மெக்லாக்லின், அவருடைய குழு. தாளக் கணக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தால்தான் அந்தப் பக்கம் போகவே முடியும். அப்புறம் சிட் மெக்ரே என்ற நண்பர் இவர்களுக்கு பங்க் ரெக்கார்டுகளைப் போட்டுக் காட்டுகிறார், மொத்தக் குழுவும் திசை மாறுகிறது, ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் பாட்டு ஒன்றின் தலைப்பிலிருந்து புதுப் பெயரையும் எடுத்துக்கொள்கிறார்கள்.

கூச்சல் என்று எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தக் காலத்து பங்க் குழுக்களில் பல, கருவியை வாங்கின கையோடு மேடை ஏறினவை, அதில் ஒரு அழகு உண்டு, நான் மறுக்கவில்லை. இவர்கள் அப்படி இல்லை. வருஷக்கணக்கில் ஜாஸ் பழகின விரல்களை வைத்துக்கொண்டு, தெரிந்தே, எளிமையான பாட்டை எடுத்து அதை யாராலும் பிடிக்க முடியாத வேகத்தில் ஓட்டினார்கள். நாலு பேரும் ஒரே அடியில் நிற்கிறார்கள், ஒரு மூச்சு விட்டு அதே அடியில் திரும்பக் கிளம்புகிறார்கள். எங்கள் வியாசர்பாடியில் சாவு மேளம் அடிக்கிற செட்டில் மூத்தவர் ஒருவர் கண்ணைக் காட்டினால் மொத்த செட்டும் சட்டென்று நிற்கும், அடுத்த நொடி ஒருசேர விழும். அந்த நிற்கிற இடத்தைப் பார்த்துத்தான் செட்டு நல்ல செட்டா இல்லையா என்று தெருவே தீர்ப்புச் சொல்லும். வேகமாக அடிக்க யாராலும் முடியும், வேகத்தில் நிற்க எல்லோராலும் முடியாது. ஏர்ல் ஹட்சன் அதில் ராஜா.

இந்த ஆல்பம் எப்படி வந்தது என்பதும் எனக்குப் பிடித்த கதை. 1981இல் நியூயார்க்கில் அவென்யூ ஏ என்ற தெருவில் 171-ஏ என்ற சின்ன இடத்தில் பதிவு செய்தார்கள். பதிவு செய்தவர் ஜெர்ரி வில்லியம்ஸ். வெளியிட்டது ரோர் (ROIR) என்ற கம்பெனி, நீல் கூப்பர் என்பவர் நடத்தியது. அவர் இசைத்தட்டே போட மாட்டார், கேசட் மட்டும்தான். ஆக ராக் இசையில் இன்றைக்குப் பெரிய பெரிய ஆட்கள் தலையில் வைத்துக்கொண்டாடுகிற ஒரு ஆல்பம் முதலில் வெளியே வந்தது வெறும் கேசட்டாக. அட்டைப்படம் மஞ்சள், அதில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்தை ஒரு மின்னல் வந்து பிளக்கும். இதை வைத்துத்தான் உங்கள் கட்டுரையாளர் கோபம் என்று முடிவு செய்தாரோ என்னவோ. அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு எப்போதும் சிரிப்புதான் வரும், சின்னப் பையன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஸ்கூல் மேல் இடி விழுகிற மாதிரி வரைவானே, அந்தக் குறும்பு.

கேசட் என்பது வடசென்னைக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. இசைத்தட்டும் அதைச் சுழற்றுகிற பெட்டியும் வசதி உள்ள வீட்டுச் சமாச்சாரம். எங்களுக்கு டீக்கடை, சலூன், ஆட்டோ, கல்யாணத்துக்குக் கட்டுகிற மைக் செட், எல்லாமே கேசட்தான். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாள் கழித்து அறுபது நிமிஷ கேசட்டில் ஏற்றித் தருவார்கள், கடைசிப் பாட்டு பாதியில் வெட்டி நிற்கும், அதுவும் நமக்கு மனப்பாடம் ஆகிவிடும். கானா ஊர் ஊராகப் பரவினதும் கேசட்டால்தான். சபாவில் மேடை கிடைக்கவில்லை, ரேடியோவில் போடவில்லை, கேசட்டுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. எனக்கு இந்த மஞ்சள் கேசட்டின் பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தது கப்பலில் வேலை பார்த்த உறவுக்காரர் ஒருவர். அவருக்கு இந்தப் பாட்டு எதுவும் பிடிக்காது, ஜமைக்கா நாட்டு ரெகே இசை என்று சொன்னார்களே, பாப் மார்லி மாதிரி இருக்கும் என்று நினைத்து வாங்கியிருந்தார். எங்கள் பக்கம் பாப் மார்லி என்றால் கேட்க வேண்டுமா, பாதிச் சுவர்களில் அவர் படம்தானே.

அவர் நினைத்ததும் முழுக்கத் தப்பு இல்லை. மார்லியின் நிகழ்ச்சியை நேரில் பார்த்து இவர்கள் நாலு பேரும் ஜமைக்காவில் பிறந்த ரஸ்தா என்ற ஆன்மிக மார்க்கத்துக்குப் போனவர்கள். அதனால் அந்தக் கேசட்டில் ஒன்றரை நிமிஷத்தில் பறந்து முடிகிற பாட்டுகளுக்கு நடுவே திடீரென்று ரெகே வந்து உட்காரும். 'ஜா காலிங்' என்று ஒன்று, அதில் பாட்டே கிடையாது, வெறும் வாசிப்பு. 'லீவிங் பேபிலோன்' நாலு நிமிஷம் நிதானமாக நடக்கும். இதைக் கேட்டு பங்க் ரசிகர்கள் பலர், வேகத்தைக் கெடுக்கிறது, தாண்டிப் போய்விடு என்பார்கள். எனக்கு நேர் எதிர். ரெகே இல்லாமல் வேகப் பாட்டு மட்டும் இருந்திருந்தால் பதினைந்தாவது நிமிஷம் காது மரத்துப்போயிருக்கும், வேகமே வேகமாகத் தெரியாது. கேசட்டில் தாண்டிப் போவதும் அவ்வளவு சுலபம் இல்லை என்பதால் உட்கார்ந்து கேட்டே ஆக வேண்டியிருந்தது, அப்படிக் கேட்டதில்தான் ஜெனிஃபரின் பேஸ் எனக்குப் பிடிபட்டது. மெதுவான பாட்டில் எவ்வளவு இடம் விட்டு வாசிக்கிறாரோ, வேகப் பாட்டில் அவ்வளவையும் அடைத்து வாசிக்கிறார், ஆனால் எங்கேயும் முட்டிக்கொள்ளாது.

குஷி என்றேனே, அதற்கு வருகிறேன். கேசட்டின் முதல் பாட்டு 'செய்லின் ஆன்'. இரண்டு நிமிஷம்கூட இல்லை. விஷயம் என்ன தெரியுமா? அரசாங்கமும் இல்லை, போலீசும் இல்லை, காதல் தோல்வி. உறவு சரிப்பட்டு வரவில்லை, சரி, நான் என் வழியில் போகிறேன் என்கிற பாட்டு. பின்னால் கூட்டாக ஊ ஊ என்று பழைய சினிமாக் கோரஸ் மாதிரி ஒரு ஒத்துப்பாட்டு வேறு. அதே கேசட்டில் 'ஆட்டிட்யூட்' என்ற பாட்டு ஒன்றரை நிமிஷத்துக்கும் குறைவு, அது முழுக்க பி.எம்.ஏ. பற்றி. பாசிட்டிவ் மெண்டல் ஆட்டிட்யூட் என்பதன் சுருக்கம், மனசை நல்ல பக்கம் திருப்பி வைத்துக்கொள் என்கிற சங்கதி. இது எங்கேயிருந்து வந்தது என்றால், எச்.ஆருக்கு அவர் அப்பா கொடுத்த நெப்போலியன் ஹில் புத்தகத்திலிருந்து. ஆமாம் சார், மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் பணக்காரன் ஆவது எப்படி வரிசையில் எப்போதும் கிடப்பாரே, அதே நெப்போலியன் ஹில். அந்தப் புத்தகத்தை நான் புரட்டியிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஏறவில்லை, ஆனால் அதிலிருந்து ஒருத்தர் ஹார்ட்கோர் பாட்டு எடுத்திருக்கிறார் என்றால் அந்த ஆளைக் கோபக்காரன் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியுமா?

எச்.ஆரின் குரலையும் சொல்ல வேண்டும். கத்துகிறார், ஆனால் கத்தலுக்குள் சங்கதி போடுகிறார். மூக்கால் பாடுகிறார், திடீரென்று மேலே ஏறிக் கீச்சிடுகிறார், கீழே வந்து பேசுகிற மாதிரி வார்த்தையைக் கொட்டுகிறார், அடுத்த ரெகே பாட்டில் இதே மனுஷன்தானா என்கிற அளவுக்கு இளகிப்போகிறார். மேடையில் பாட்டு முடியும்போது பின்பக்கமாகப் பல்டி அடித்து, கடைசி அடி விழுகிற அதே நேரத்தில் காலை ஊன்றி நிற்பாராம், பார்த்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஊர்வலத்தில் மேளத்துக்கு முன்னால் பல்டி அடிக்கிற பையன்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் ஒன்றும் அதிசயம் இல்லை, அது என்ன சந்தோஷம் என்று தெரியும்.

'பே டு கம்' பாட்டை முதலில் 1980இல் தாங்களே சின்ன இசைத்தட்டாகப் போட்டார்கள், கேசட்டிலும் அது இருக்கிறது, ஒன்றரை நிமிஷம்தான். அமெரிக்க ஹார்ட்கோர் வேகம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அதைப் போட்டுக் காட்டினால் போதும். 'பேன்ட் இன் டி.சி.', அதாவது டி.சி.யில் தடை, என்ற பாட்டுக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. சொந்த ஊர் கிளப்புகளில் இவர்களுக்கு மேடை கிடைக்காமல் போனது, அதுதான் அந்தத் தலைப்பு. 1979இல் இங்கிலாந்துக்கு டிக்கெட் எடுத்துப் போனார்கள், அங்கே உள்ளேயே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படி அடி வாங்கின ஒரு குழு, சரி ஊரில் இடம் இல்லையா, நியூயார்க் போவோம் என்று கிளம்பிப் போய் அங்கே இந்த ஆல்பத்தைப் போடுகிறது. 'பேன்ட் இன் டி.சி.' பாட்டில் டாக்டர் நோ வாசிக்கிற அந்தச் சின்ன சோலோவைக் கேளுங்கள், தடை விதிக்கப்பட்டவன் புலம்புகிற மாதிரியா இருக்கிறது? விசில் அடித்துக்கொண்டே பெட்டி கட்டுகிற மாதிரி இருக்கிறது.

1983இல் 'ராக் ஃபார் லைட்' என்று அடுத்த ஆல்பம் வந்தது. கார்ஸ் குழுவின் ரிக் ஒகாசெக் தயாரித்தது. கேசட்டில் இருந்த பாட்டுகள் பலவற்றைத் திரும்பப் பதிவு செய்திருந்தார்கள். ஒலி அதில் சுத்தம், ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்கும். 91இல் அதை மறுபடி வெளியிட்டபோது வேகத்தை வேறு கொஞ்சம் கூட்டிவிட்டார்கள், எச்.ஆர். குரல் மெலிந்து போனது, அந்த வேலை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. கேசட்டில் ஒலி மொந்தையாக இருக்கும், குரல் சில இடத்தில் கிட்டாருக்குள் முங்கிப்போகும், ஆனால் நாலு பேரும் ஒரே அறையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிக்கிறார்கள் என்பது நிச்சயமாகத் தெரியும். 1986இல் வந்த 'ஐ அகெய்ன்ஸ்ட் ஐ' இன்னும் பெரிய ஆல்பம் என்று சொல்கிறவர்கள் உண்டு, வாசிப்புத் திறமையில் அப்படித்தான், வாதாட மாட்டேன். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பது கேசட்டைத்தான். பீஸ்டி பாய்ஸ் குழுவின் ஆடம் யாக் இதைவிடச் சிறந்த பங்க் ஆல்பமே இல்லை என்று சொன்னவர், பின்னாளில் 2007இல் இவர்களுடைய ஆல்பம் ஒன்றைத் தானே தயாரித்தும் கொடுத்தார்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. 'ஐ லவ் ஐ ஜா' ஆறு நிமிஷத்துக்கு மேல், நல்ல பாட்டுதான், ஆனால் நாலு நிமிஷத்தில் முடித்திருக்கலாம். அது சின்னக் குறை. பெரிய குறை பாட்டில் இல்லை. 1982இல் டெக்ஸாஸில் பிக் பாய்ஸ் என்ற குழுவின் பாடகர் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காக அவரிடம் இவர்கள் மிக மோசமாக நடந்துகொண்டார்கள். தங்களுக்கு மேடை மறுக்கப்பட்டதைப் பாட்டாகப் பாடினவர்கள் இன்னொருத்தரை அப்படி நடத்தினார்கள் என்பதை மறைத்துவிட்டு நான் புகழ்ந்துகொண்டே போனால் அது நேர்மை இல்லை. பிடித்த குழு என்பதற்காக இதை நியாயப்படுத்தப் போவதில்லை.

இப்போது உங்கள் கட்டுரைக்கே திரும்புகிறேன். எனக்கு ஏன் இவ்வளவு உறுத்தியது என்றால், இதே பார்வையை எங்கள் மேலும் வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். வடசென்னைப் பையன் மேளம் எடுத்தால் கோபம், பாடினால் கோபம், சும்மா நின்றால்கூட கோபமாக நிற்கிறான். மரண கானா பாடுகிறவர் இரவு முழுக்கச் செத்தவருடைய கதையை இட்டுக்கட்டிப் பாடும்போது நடுநடுவே கேலியும் குத்தலுமாக மொத்தத் தெருவையும் சிரிக்க வைப்பார், அழுதுகொண்டிருந்த வீட்டுப் பெண்களே சிரித்துவிடுவார்கள். அதைப் படம் பிடிக்க வருகிறவர்களின் கேமரா மட்டும் முஷ்டியைத்தான் தேடும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் சாதிக்கு எதிராகப் பாடுகிற கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் மேடை ஏறியபோது அதில் அரசியல் இருந்தது, இருக்கத்தானே வேண்டும், ஆனால் கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாகச் சேர்ந்து எப்படி வாசிக்கிறார்கள், தாளம் எங்கே மாறுகிறது என்று எழுதினவர்கள் மிகக் குறைவு. அரசியல் பேசுகிறவனுக்கு சங்கீதம் தெரியாது என்று ஒரு நினைப்பு. எங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வாசிப்பை விட்டுவிடுகிறார்கள், பேட் பிரெயின்ஸுக்கும் நடந்தது அதேதான். மெக்லாக்லின் குழுவைப் பற்றி எழுதினால் லயத்தைப் பற்றி எழுதுவீர்கள், அதே பாணியில் வாசித்துப் பழகிவிட்டு வந்த நாலு கறுப்பினப் பையன்களுக்குக் கோபம் மட்டும்தானா?

இன்னொரு தகவலும் கட்டுரையில் விட்டுப்போயிருந்தது. 2021இல் இந்த ஆல்பம் உள்பட தங்கள் பழைய பதிவுகளின் உரிமையைக் குழுவினரே திரும்ப வாங்கி, தங்கள் சொந்தப் பெயரில் மறுபடி வெளியிட ஆரம்பித்தார்கள். வெளியாகி ஏறத்தாழ நாற்பது வருஷம் கழித்து. கானா கேசட்டுகள் எத்தனை விற்றன, பாடினவர்களுக்கு அதில் எவ்வளவு வந்தது என்று உங்கள் பத்திரிகை எப்போதாவது விசாரித்து எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

கட்டுரையைப் படித்துவிட்டு இந்தக் குழுவைக் கேட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. மொத்த ஆல்பமும் 35 நிமிஷம் போல்தான், தண்டையார்பேட்டையிலிருந்து சென்ட்ரலுக்குப் பஸ்ஸில் போகிற நேரம், டிராஃபிக் இல்லையென்றால். இப்போது எல்லாச் செயலிகளிலும் கிடைக்கிறது, அதே மஞ்சள் அட்டைப்படத்தைப் பார்த்து எடுங்கள். பாட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்காதீர்கள், கேசட்டில் இருந்த மாதிரி வரிசையாகக் கேளுங்கள். முதல் தடவை ஒன்றும் புரியாது, வேகம் மட்டும்தான் தெரியும். இரண்டாவது தடவை டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். 'லீவிங் பேபிலோன்' வரும்போது தாண்டாதீர்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர்